ஆடுகளுக்காகக் காலியான தீவு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் கிடக்கிறது ரம் தீவு. பரப்பு சுமார் 100 சதுர கிலோமீட்டர். இன்று அங்கே நிரந்தரமாக வசிப்பவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. ஆனால், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் 400-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த மண் அது. அவர்கள் என்ன ஆனார்கள்?

தீவின் கிழக்கே கடல் உள்ளே நுழைந்த இடம், லாக் ஸ்க்ரெசார்ட் என்னும் குடா. சுற்றிலும் மலையும் பாறையுமான தீவில் படகு ஒதுங்க வசதியான இடம் இதுதான். குடாவின் உட்கோடியில் உள்ள கின்லாக்கில், சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் தங்கியிருக்கிறார்கள். மேற்குப் பக்கத்து மலையில் கிடைக்கும் பிளட்ஸ்டோன் என்ற கல்லைச் செதுக்கி அவர்கள் செய்த கருவிகளை, அகழாய்வாளர்கள் ஆயிரக்கணக்கில் கண்டெடுத்தனர்.

பின்னாளில் இங்கே வாழ்ந்தவர்கள் கேலிக் மொழி பேசிய ஏழைக் குடியானவர்கள். நிலமோ, கோல் தீவின் மெக்லீன் பிரபுக்களுடையது. குத்தகைப் பணத்தைவிட ஆட்டுப் பண்ணை லாபம் என்று கணக்குப் போட்டார்கள். பாக்கியைத் தள்ளுபடி செய்து, கப்பல் கட்டணமும் கொடுத்து, 1826-இல் சுமார் 300 பேரைக் கனடாவின் கேப் பிரெட்டனுக்கு அனுப்பினார்கள். 1828-இல் மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோரும் கப்பலேறினர். தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆடுகள் மேய்ந்தன. ஆனால், வேலைக்கு ஆள் போதவில்லை. பக்கத்துத் தீவுகளிலிருந்து குடும்பங்களைக் கூட்டிவர வேண்டியதாயிற்று. ஆட்டின் விலை சரிந்ததும், தீவைக் குத்தகைக்கு எடுத்து ஆடு வளர்த்தவரும் நொடித்துப்போனார்.

ஆடு போய் மான் வந்தது. 1845-இல் தீவை வாங்கிய சாலிஸ்பரி பிரபு, அதை வேட்டைக்காடாக்கினார். பின்னர் வந்தவர்கள், நெசவாலை இயந்திரங்கள் செய்து செல்வம் குவித்த லங்காஷயரின் புல்லோ குடும்பத்தினர். வாரிசான ஜார்ஜ் புல்லோ, குடாவைப் பார்த்தபடி செம்மணற்கல்லில் கின்லாக் மாளிகையை எழுப்பினார். நீர்மின்சார விளக்கு, தானே இசைக்கும் பிரமாண்ட வாத்தியம் என்று எதிலும் குறைவில்லை. ஆண்டில் சில வாரம் தங்கத்தான் இவ்வளவும்! அழையாதவர் கால்வைக்க முடியாததால் 'தடை செய்யப்பட்ட தீவு' என்றே ரம் பெயர் வாங்கியது.

1957-இல் புல்லோவின் மனைவி தீவை அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்கு விற்றார். இங்கே நடக்கும் செம்மான் ஆய்வு உலகப் புகழ் பெற்றது. பிரிட்டனில் அற்றுப்போயிருந்த வெண்வால் கடற்கழுகை மீட்க, 1975 முதல் 1985 வரை நார்வேயிலிருந்து 82 குஞ்சுகள் கொண்டுவந்து இங்கே விடப்பட்டன. உயிரினங்களுக்கு இது பொற்காலம். குடியிருந்தவர்களுக்கோ, வேலையும் வீடும் இன்னொருவர் கையில் என்ற நிலை மாறவில்லை.

2009–10-இல்தான் கின்லாக் கிராமத்தின் நிலமும் வீடுகளும் ஊர்மக்களின் அறக்கட்டளைக்குக் கைமாறின. 2020-இல் அந்த அறக்கட்டளை நான்கு புதிய வீடுகளைக் கட்டி, குடியேற வரும்படி குடும்பங்களுக்கு அழைப்பு விடுத்தது. ஆளை அனுப்பக் காசு கொடுத்த தீவு, இப்போது ஆள் தேடுகிறது. நிலம் யார் கையில் என்பதே ஊரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. ரம் தீவின் 200 ஆண்டு வரலாறு அதற்குச் சாட்சி.