ஓய்வு நேரமும் ஒரு செயலியும்

கணிப்பொறியியல் பயிலும் மாணவர் நால்வர் ஒருநாள் மாலை என் அறைக்கு வந்தனர். "ஐயா, மாணவர்கள் தங்கள் ஓய்வு நேரத்தை நன்கு பயன்படுத்த உதவும் கைப்பேசிச் செயலி ஒன்றைச் செய்ய விரும்புகிறோம். உடல்நலம், மனநலம் ஆகிய இரண்டுக்கும் அது துணை நிற்க வேண்டும். தாங்கள் வழிகாட்ட வேண்டும்" என்றனர். நானும் மகிழ்ந்து இசைந்தேன். அச்செயலியை எவ்வாறு அமைத்தோம், எங்கே தவறினோம், அத்தவறு எதைக் கற்பித்தது என்பவற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஓய்வு நேரம் என்பதைக் கணிப்பொறிக்கு உணர்த்துவது எப்படி? அதற்குக் காலையும் தெரியாது, மாலையும் தெரியாது, எண்களே தெரியும். ஆகவே ஒரு நாளை அரைமணி அளவுள்ள 48 கட்டங்களாகப் பிரித்தோம். வகுப்பு, உணவு, உறக்கம் ஆகியவற்றுக்குரிய கட்டங்களில் 0 என்றும், ஏனைய கட்டங்களில் 1 என்றும் குறித்தோம். வாரம் முழுவதற்கும் 336 கட்டங்கள் ஆயின. நண்பர் மூவர் சேர்ந்து பந்தாட விரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூவருடைய வரிசைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் மூன்று வரிசையிலும் 1 நிற்கிறதோ அதுவே மூவருக்கும் பொதுவான ஓய்வு வேளை. ஒருவருக்கு 0 இருந்தாலும் அவ்வேளை தள்ளுபடியாகும். நூறு பேரின் வரிசைகளையும் இவ்வாறு ஒப்பிடுவது கணிப்பொறிக்குக் கண்ணிமைப்பொழுது வேலை.

அடுத்தபடி, கிடைத்த வேளையில் எவற்றைச் செய்வது? சனிக்கிழமைப் பிற்பகலில் நான்கு நிகழ்ச்சிகள் உள்ளன என்று கொள்வோம். நாடக ஒத்திகை 2 மணி முதல் 6 மணி வரை; சதுரங்கம் 2 முதல் 3 வரை; இசைப் பயிற்சி 3 முதல் 4 வரை; பந்தாட்டம் 4.30 முதல் 6 வரை. இவற்றுள் மிகுதியான நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. எது முதலில் முடிகிறதோ அதனை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதனோடு மோதுவனவற்றை விலக்கிவிட்டு, எஞ்சியவற்றுள் முதலில் முடிவதை மீண்டும் எடுக்க வேண்டும். இவ்வாறு செய்தால் சதுரங்கம், இசை, பந்தாட்டம் என மூன்று கிடைக்கும். ஒத்திகையைப் பிடித்துக்கொண்டால் ஒன்றோடு நின்றுவிடும். எண்ணிக்கையில் இம்முறையை வேறெம்முறையும் விஞ்ச முடியாது என்பதைக் கணிதத்தால் மெய்ப்பிக்கலாம். நாங்களும் அதனையே கைக்கொண்டோம். வெற்றிடம் ஒன்றும் விடாமல் கட்டங்கள் யாவும் நிரம்பின. எங்களுக்குப் பெருமிதம் தாங்கவில்லை.

ஒரு வகுப்பு மாணவர்களிடம் செயலியைக் கொடுத்துப் பார்த்தோம். இரண்டு வாரங்களுக்குள் பலர் அதனைத் தம் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டனர். காரணம் கேட்டேன். ஒரு மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஐயா, மாலை 5 முதல் 6.30 வரை எனக்கு ஓய்வு என்று செயலி சொல்கிறது. அந்நேரத்தில் நான் பேருந்தில் நின்றுகொண்டிருப்பேன். வீடு சேர்ந்ததும் தம்பிக்குச் சோறு வடிக்க வேண்டும். இரவில் கைப்பேசியைத் திறந்தால், இன்று நீங்கள் எதையும் நிறைவேற்றவில்லை என்று சிவப்பு எழுத்து நிற்கிறது. படிப்பில் தோற்பது போதாதென்று ஓய்விலும் நான் தோற்க வேண்டுமா?"

எங்களால் விடை சொல்ல இயலவில்லை. எங்கள் கணக்கில் பிழை ஏதும் இல்லை. நாங்கள் எடுத்துக்கொண்ட கேள்விதான் பிழை. வகுப்பு இல்லாத நேரமெல்லாம் ஓய்வு என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். ஓய்வென்பது நிரப்ப வேண்டிய பள்ளம் என்றும் எண்ணிவிட்டோம். ஆகவே செயலியை அடியிலிருந்து மாற்றினோம்.

முதலாவதாக, உறக்கத்திற்கே முதலிடம் கொடுத்தோம். 13 முதல் 18 வயது வரையுள்ளோர் நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரம் உறங்க வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. ஆகவே 48 கட்டங்களில் 16 கட்டங்களை எவரும் தொடலாகாது என்று பூட்டிவிட்டோம். 17 வயது வரை உள்ளோர்க்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை. அதற்கு இரண்டே கட்டங்கள் போதும். பேருந்து நிறுத்தத்திற்கு விரைந்து நடப்பதும் அக்கணக்கில் சேரும்.

இரண்டாவதாக, வேலைக்கு ஆகும் நேரத்தை நாம் எப்போதும் குறைத்தே மதிக்கிறோம். 1979-இல் கானமன், ட்வெர்ஸ்கி என்னும் உளவியலறிஞர் இருவர் இதனை ஒரு பொதுக்குறையாக எடுத்துக்காட்டினர். 1994-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், ஆய்வேடு எழுதிய கனடா மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்று கணித்தனர். 55 நாளுக்கு மேல் ஆயிற்று. ஆகவே, மாணவன் சொல்லும் நேரத்தையும் உண்மையில் ஆன நேரத்தையும் எங்கள் செயலி குறித்துக்கொள்ளும். இரண்டு கட்டங்களில் முடியும் என்றவை மூன்று கட்டங்களை விழுங்கிவருமாயின், அடுத்த முறை அதுவே மூன்று கட்டங்களை ஒதுக்கிவிடும். வேலை ஓய்வைத் தின்பது இதனால் குறைகிறது.

மூன்றாவதாக, எந்தக் கட்டம் ஓய்வு என்பதை மாணவரே குறிக்குமாறு செய்தோம். சிவப்பு எழுத்தை அடியோடு நீக்கினோம். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கென்றே ஒரு வகையைச் சேர்த்து, அதற்குச் 'சும்மா' என்று பெயரிட்டோம். அக்கட்டத்தில் செயலி எதனையும் பரிந்துரைக்காது, ஒலியும் எழுப்பாது.

நிற்க, மனநலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் பெயரால் வழங்கும் ஐந்து வினாப் பட்டியல் ஒன்றுண்டு. கடந்த இரு வாரங்களில் உள்ளம் எவ்வாறு இருந்தது என்பதை வினாவுக்கு 0 முதல் 5 வரை மதிப்பிட்டு, கூட்டுத்தொகையை 4-ஆல் பெருக்கினால் நூற்றுக்கு இத்தனை என்று கிடைக்கும். இதனைச் செயலியில் சேர்த்தோம். மதிப்பு தாழ்ந்தால் அது நோய் என்று முடிவு கூறாது. நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் பேசும்படி சொல்லும். 2022-இல் நம் நாட்டில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் உதவித் தொலைபேசியின் 14416 என்னும் எண்ணையும் காட்டும்.

இதனை அறிந்த பொறுப்பாளர் ஒருவர், "மாணவர்களின் மதிப்பெண்களை எங்களுக்கு அனுப்புங்கள், வாடியிருப்பவர்களை அழைத்துப் பேசலாம்" என்றார். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். ஆயினும் நாங்கள் இசையவில்லை. பிறர் பார்க்கிறார் என்று தெரிந்தால் துயருற்ற மாணவன் மெய்யை எழுதுவானா? எல்லாம் நலமே என்று எழுதிவிட்டுத் தனியே அழுவான். அச்சத்தால் பிறக்கும் பொய், உதவியை இன்னும் தொலைவில் தள்ளிவிடும். 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதோரின் தகவல்களைக் கையாளப் பெற்றோர் இசைவு வேண்டும் என்று வகுத்துள்ளது. ஆகவே விடைகள் மாணவரின் கைப்பேசியை விட்டு வெளியே செல்லாதவாறு அமைத்தோம். காட்டுவதும் அழிப்பதும் அவர் விருப்பம்.

சில மாதங்கள் சென்றபின் அந்த மாணவி தன் கைப்பேசியை என்னிடம் காட்டினாள். பேருந்து நேரம் பேருந்து நேரமாகவே குறிக்கப்பட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும் இரண்டு கட்டங்களில் 'சும்மா' என்றிருந்தது. "அந்த ஒரு மணி நேரத்தை இப்போது வீட்டில் எவரும் கேட்பதில்லை, ஐயா" என்றாள். மூன்று நிகழ்ச்சிகளைத் திணித்த எங்கள் பழைய கணக்கைவிட அந்த இரண்டு கட்டங்களே எனக்குப் பெரிதாகத் தோன்றின.

மாணவ நண்பர்களே! இதற்குச் செயலியும் வேண்டுவதில்லை. இன்றிரவு ஒரு தாளில் 48 கட்டங்கள் வரையுங்கள். உறக்கத்தை முதலில் குறியுங்கள். பிறகு வகுப்பு, பயணம், வீட்டுவேலை ஆகியவற்றை ஒளிக்காமல் எழுதுங்கள். எஞ்சி நிற்பவை சிலவே. அவற்றுள் ஒன்றையேனும் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.