முதுநிலைக்கு முன் சில வாரங்கள்

இளநிலைப் பட்டப்படிப்பின் இறுதிப் பருவத் தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்திலேயே முதுநிலைப் படிப்புக்கான சேர்க்கை ஆணைகளும் மாணவர்களின் கைக்கு வந்து சேர்கின்றன. மாநிலப் பல்கலைக்கழகங்கள், 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு வழியாக முதுநிலை மாணவர்களைச் சேர்க்கும் மத்திய பல்கலைக்கழகங்கள், ‘ஜாம்’ தேர்வு வழியாகச் சேர்க்கும் ஐ.ஐ.டி.கள் என்று இன்று அவர்களுக்கு முன்பாக வாசல்கள் பல திறந்திருக்கின்றன.

சேர்க்கை ஆணை கிடைத்த நாளுக்கும் முதல் வகுப்பு தொடங்கும் நாளுக்கும் இடையே பொதுவாக ஒன்று முதல் இரண்டு மாதங்கள் கிடைக்கின்றன. நுழைவுத் தேர்வில் வெல்வது எப்படி என்று வழிகாட்ட நூல்களும் பயிற்சி மையங்களும் ஏராளம். வென்ற பிறகு இந்த வாரங்களை எவ்வாறு பயன்படுத்துவது என்று சொல்லத்தான் ஆளில்லை.

அரசு கலைக் கல்லூரிகளில் இயற்பியல் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், முதுநிலைப் படிப்புக்காக வெளியூர் சென்ற மாணவர்கள் பலரைத் தொடர்ந்து கவனித்து வந்திருக்கிறேன். இடம் கிடைத்தும் சேர முடியாமல் போனவர்கள் உண்டு. சேர்ந்தும் முதல் பருவத்திலேயே திரும்பி வந்தவர்கள் உண்டு. அறிவுக் குறைவால் அந்த நிலைக்கு ஆளானவர் என்று அவர்களில் ஒருவரைக்கூட என்னால் சுட்ட இயலாது. சான்றிதழ், பணம், படிக்கும் பழக்கம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று உரிய காலத்தில் கைகொடுக்காததே காரணமாக இருந்தது. குடும்பத்திலிருந்து முதன்முறையாகப் பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகளுக்கே இது பெரிதும் நேர்கிறது.

முதலில் சான்றிதழ்கள். மாற்றுச் சான்றிதழைக் கல்லூரியிலும், இடப்பெயர்வுச் சான்றிதழையும் தற்காலிகப் பட்டச் சான்றிதழையும் பல்கலைக்கழகத்திலும் பெற வேண்டும். இவை விண்ணப்பித்த அன்றே கிடைப்பவை அல்ல. இறுதிப் பருவ மதிப்பெண் பட்டியல் வரும்வரை காத்திருக்காமல் மற்றவற்றுக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது. மதிப்பெண் பட்டியல் தாமதமானால், அதைச் சமர்ப்பிக்க எந்த நாள் வரை அவகாசம் உண்டு என்பதைச் சேரும் நிறுவனத்திடம் எழுத்து வடிவில் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

மத்திய அரசு நிறுவனங்களில் சேரும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 27 சதவீத இடஒதுக்கீட்டில் இடம் பெற, நம் மாநிலத்தில் வழங்கப்படும் வழக்கமான சாதிச் சான்றிதழ் போதாது. ‘கிரீமிலேயர்’ எனப்படும் வளமான பிரிவினரில் சேராதவர் என்ற குறிப்புடன், மத்திய அரசு வகுத்த படிவத்தில் அமைந்த சான்றிதழ் வேண்டும். அதையும் நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு பெற்றிருக்க வேண்டும் என்று பெரும்பாலான நிறுவனங்கள் கேட்கின்றன. மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சமூகங்களும் மத்திய பட்டியலில் இல்லை என்பதையும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சான்றிதழுக்கான வருமான வரம்பு 2017 முதல் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். 1993-ஆம் ஆண்டு ஆணையின்படி, பெற்றோரின் ஊதியமும் வேளாண் வருமானமும் இந்த வரம்புக்கான கணக்கில் சேர்வதில்லை. அவர்கள் வகிக்கும் பதவியின் நிலை தனியே பார்க்கப்படுகிறது. இதை அறியாமல், ‘நமக்குக் கிடைக்காது’ என்று தாமாகவே ஒதுங்கிக்கொள்ளும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

அடுத்து, அசல் சான்றிதழ்கள் யார் கையில் இருக்கின்றன என்பது. விரும்பிய இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற அச்சத்தில் பலர் அருகிலுள்ள கல்லூரியில் முன்னதாகவே சேர்ந்துவிடுகின்றனர். என் மாணவர் ஒருவர் அவ்வாறு தனியார் கல்லூரி ஒன்றில் சேர்ந்திருந்தார். பிறகு மத்திய பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தபோது, முழு ஆண்டுக் கட்டணத்தையும் செலுத்தினால்தான் சான்றிதழ்களைத் தருவோம் என்றது அந்தக் கல்லூரி. பல்கலைக்கழக மானியக் குழுவின் அறிவிக்கையை அச்செடுத்து, எழுத்துபூர்வமான கடிதத்துடன் இணைத்துக் கொடுத்த மூன்றாம் நாள் சான்றிதழ்கள் அவர் கைக்கு வந்தன.

2018 அக்டோபரில் வெளியான அந்த அறிவிக்கை ஒவ்வொரு மாணவரும் படித்திருக்க வேண்டிய ஒன்று. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தர வேண்டும். நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. சேர்க்கைக்கான இறுதி நாளுக்கு 15 நாள்கள் அல்லது அதற்கு முன்பே விலகினால், அதிகபட்சம் 5,000 ரூபாய்க்கு உட்பட்ட செயலாக்கக் கட்டணம் நீங்கலாக முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். அதற்குப் பின், இறுதி நாளுக்கு முன் விலகினால் 90 சதவீதம், இறுதி நாளைக் கடந்து 15 நாள்களுக்குள் 80 சதவீதம், 30 நாள்களுக்குள் 50 சதவீதம் என்று அது வரையறுக்கிறது. அண்மை ஆண்டுகளில் இதைவிடக் கூடுதல் சலுகை தரும் அறிவிப்புகளையும் மானியக் குழு வெளியிட்டுள்ளது. ஆகவே, அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

இரண்டாவது பணம். அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் பெரும்பாலும் தாங்கக்கூடியதே. குடும்பங்களைத் திணறடிப்பவை முதல் இரண்டு மாதச் செலவுகள்: காப்புத் தொகை, விடுதி உணவுக்கான முன்பணம், ரயில் கட்டணம், படுக்கை விரிப்பிலிருந்து வாளி வரை வாங்க வேண்டிய பொருள்கள். உதவித்தொகை கிடைப்பது உறுதி என்றாலும் அது வங்கிக் கணக்கில் வந்து சேரப் பல மாதங்கள் ஆகலாம். எனவே, உதவித்தொகையை நம்பாமல் முதல் மூன்று மாதங்களைக் கடப்பதற்கான தொகையைத் தனியே திரட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நான் மாணவர்களிடம் வலியுறுத்தும் கணக்கு.

வழிகள் இல்லாமல் இல்லை. முதுநிலை முதலாண்டு மாணவர்களுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசிய உதவித்தொகை மாதம் 15,000 ரூபாயாக, ஆண்டுக்கு 10 மாதங்கள் வழங்கப்படுகிறது. ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத பட்டியலின, பழங்குடியின மாணவர்களுக்கு மேற்படிப்பு உதவித்தொகை இருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் சேர்வோர் பிணையமோ ஜாமீன்தாரரோ இன்றிக் கல்விக் கடன் பெறலாம். ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை உள்ள, வேறு அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறாத மாணவர்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. ஆனால், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கே அது கிடைக்கும்.

இவை அனைத்துக்கும் மாணவரின் பெயரில், ஆதாருடன் இணைக்கப்பட்ட வங்கிக் கணக்கும், செல்லுபடியாகும் வருமானச் சான்றிதழும் தேவை. ஊரை விட்டுப் போன பிறகு இவற்றுக்காகத் திரும்பி வருவது பணமும் வகுப்பும் இழக்கும் வேலை. ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாள்களுக்கு முன்புதான் தொடங்குகிறது என்பதால், வகுப்பு தொடங்கும் தேதி தெரிந்தவுடன் பயணச்சீட்டைப் பதிவு செய்துவிட வேண்டும்.

மூன்றாவதாக, எல்லோரும் மறந்துவிடும் ஆயத்தத்துக்கு வருகிறேன். இளநிலையில் பாடம் ஐந்து அலகுகளாகப் பிரித்துத் தரப்படுகிறது. எதைப் படிக்க வேண்டும், எந்த வினா வரும் என்பதை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். முதுநிலையில் ஆசிரியர் ஒரு நூலின் இரண்டு அத்தியாயங்களைச் சுட்டிக்காட்டி, படித்துவிட்டு வாருங்கள் என்பார். மறு வகுப்பில் அதைக் கடந்து சென்றுவிடுவார். பிறர் கேட்ட வினாவுக்கு விடை எழுதிப் பழகியவர், தாமே வினா எழுப்ப வேண்டிய இடத்துக்கு மாறுகிறார். அந்த மாற்றத்தை வகுப்பறையில் தொடங்குபவர் முதல் பருவத்தை இழக்கிறார். வீட்டிலேயே தொடங்கிவிடுபவர் தப்பித்துக்கொள்கிறார்.

இதற்காக அடுத்த ஆண்டுப் பாடநூல்களை இப்போதே படித்து முடிக்க வேண்டியதில்லை. சேரவிருக்கும் துறையின் முதல் பருவப் பாடத்திட்டத்தை அதன் வலைதளத்திலிருந்து எடுத்து, அறிமுகமே இல்லாத சொற்களை அடிக்கோடிட்டால் போதும். எங்கே பள்ளம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அந்தப் பள்ளம் இளநிலை முதலாண்டுப் பாடத்தில் இருக்கும். இயற்பியல் மாணவருக்கு அது அணிகளும் வகைக்கெழுச் சமன்பாடுகளும். பொருளியல் மாணவருக்குப் புள்ளியியல். வரலாற்று மாணவருக்கு, மூல ஆவணம் ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் பட்டம் பெற்றுவிட்ட குறை. மதிப்பெண் வாங்கினாலும் விளங்காமல் கடந்து வந்த மூன்று பகுதிகளைத் தேர்ந்துகொண்டு, நாளுக்கு மூன்று மணி நேரம் உழைத்தால் ஆறு வாரங்களில் அவற்றைச் சீர்செய்துவிடலாம்.

கருவிகள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. ஏழு ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். விரிவுரைகள், 2017-இல் தொடங்கப்பட்ட ‘ஸ்வயம்’ தளம், இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் ‘சோத்கங்கா’ ஆகியவற்றை எந்த ஊரிலிருந்தும் பயன்படுத்தலாம். தம் துறையில் ஓர் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை மட்டும் படித்துப் பார்த்தால்கூட, ஆய்வு வினா என்பது எப்படி உருவாகிறது என்று புரியும். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்தில், அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 13,000 பன்னாட்டு ஆய்விதழ்கள் கிடைக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவருக்கே அந்தக் கதவு திறந்திருப்பதால் பயன்.

தமிழ்வழியில் படித்தவர்கள் மொழியை எண்ணி அஞ்சுகின்றனர். கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இரு பத்திகளாக எழுதிய குறிப்பேடு ஒன்றும், அன்று படித்ததை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிப் பார்க்கும் பழக்கமும் அந்த அச்சத்தைப் பெருமளவு போக்கிவிடும். தெளிவாக விளங்கிக்கொண்ட கருத்தை வேறொரு மொழியில் எழுதப் பழகுவது சில மாத உழைப்பு. விளங்காத கருத்தை எந்த மொழியும் காப்பாற்றாது.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர், கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராகச் சேர்வதற்காக 1930 ஜூலை 31 அன்று பம்பாயிலிருந்து கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 19. ஏறத்தாழ மூன்று வாரக் கடற்பயணத்தில் அவர் செய்த கணக்கே, வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை உணர்த்தியது. இன்று சந்திரசேகர் வரம்பு என்று உலகம் அழைப்பதும், 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது நினைவுகூரப்பட்டதும் அதைத்தான்.

அவருடைய மேதைமையை இங்கு நான் அளவுகோலாக வைக்கவில்லை. நான் சுட்ட விரும்புவது, கப்பலேறும்போதே அவரிடம் ஒரு வினா இருந்தது என்பதை. தமக்கு வழிகாட்டப்போகும் ஃபௌலரின் கட்டுரையை அவர் முன்பே படித்திருந்தார். அதில் சார்பியல் விளைவைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று கேட்டார். சேரவிருக்கும் துறையின் ஆசிரியர் ஒருவரின் கட்டுரையைப் படித்து, அதில் விளங்காத மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு செல்வது எந்த மாணவருக்கும் இயலக்கூடியதே.

மாணவியரைப் பொறுத்தவரை இந்த வாரங்கள் வேறொரு வகையிலும் முக்கியமானவை. விண்ணப்பிக்கச் சம்மதித்த பெற்றோர், ஆணை வந்த பிறகு தொலைவை நினைத்துத் தயங்குகின்றனர். உறவினர் ஒருவரின் ஒரு சொல் போதும், ‘இங்கேயே பி.எட். படிக்கட்டும்’ என்று முடிவு மாறிவிட. சுமை ஆட்டோ ஓட்டும் தந்தை ஒருவரை என்னுடைய வாதங்கள் அசைக்கவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் மகளைப் படிக்க வைத்திருந்த இன்னொரு தந்தையிடம் தொலைபேசியில் பேசிய பத்து நிமிடத்தில் அவர் சம்மதித்தார். பெற்றோரின் அச்சத்துக்குப் பெற்றோரே நம்பத்தக்க மருந்து.

அதுபோலவே, தம் மாவட்டத்திலிருந்து அங்கு சென்ற மூத்த மாணவர் ஒருவரையேனும் முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது, முதல் மாதத் தனிமையைக் குறைக்கும். மனம் தளரும் வேளையில், மத்திய அரசின் ‘டெலி-மானஸ்’ மனநல உதவி எண்ணான 14416-ஐத் தமிழிலேயே அழைத்துப் பேசலாம் என்பதையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் 20, 21 வயதுப் பிள்ளைகள் தாமாகவே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையல்ல. பிளஸ் 2 முடித்தவர்களைக் கல்லூரிக்கு வழிநடத்த ‘நான் முதல்வன்’ திட்டத்தின்கீழ் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகளைத் தமிழக அரசு நடத்துகிறது. பட்டம் முடித்து மேற்படிப்புக்குச் செல்வோருக்கும் அத்தகைய ஏற்பாடு ஒன்று தேவை. ஒவ்வோர் அரசு கலை, அறிவியல் கல்லூரியிலும் ஜூன் மாதத்தில் ஒரு நாள் இதற்கென ஒதுக்கப்படலாம். வட்டாட்சியர் அலுவலகப் பணியாளர் ஒருவர், வங்கி அலுவலர் ஒருவர், ஏற்கெனவே வெளியூரில் படிக்கும் பழைய மாணவர் இருவர் அங்கு வந்து அமர்ந்தால் பாதிச் சிக்கல்கள் அன்றே தீரும். முன்னாள் மாணவர் பட்டியல் ஒன்றைத் துறைதோறும் பராமரிக்கப் பெரிய நிதி எதுவும் வேண்டியதில்லை.

எத்தனை பேரை மேற்படிப்புக்கு அனுப்பினோம் என்று கல்லூரிகள் ஆண்டறிக்கையில் பெருமையுடன் எழுதிக்கொள்கின்றன. அவர்களில் எத்தனை பேர் முதல் பருவத்தைக் கடந்தார்கள் என்பதையும் அந்த அறிக்கையில் எழுதத் தொடங்கினால், இடைப்பட்ட வாரங்களின் அருமை தானாகவே விளங்கும்.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு)