நம் எம்.பி. எந்தப் பக்கம்?

சென்ற மாதம் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில், ரசம் ஆறிப்போகும் வரையில் ஒரு சர்ச்சை நடந்தது. நண்பர் ஒருவர் தம் தொகுதியின் பாராளுமன்ற அங்கத்தினரைப் புகழ்ந்து, ஏழை எளியவர்களுக்கு நன்மை தரும் மசோதா எது வந்தாலும் அவர் ஆதரித்தே வந்திருக்கிறார் என்றார். பக்கத்துத் தொகுதிக்காரர், "கட்சி கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவார், அதற்குப் பெயர் ஆதரவா?" என்று ஒரு போடு போட்டார். அரசியல் சாஸ்திரம் படிப்பவன் என்ற ஒரே குற்றத்துக்காக, உண்மையை விசாரித்து வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

இது என்ன பிரமாதம், சபை நடவடிக்கைகள் எல்லாம் அச்சாகின்றனவே என்று எண்ணித்தான் நூல்நிலையத்துக்குப் போனேன். மூன்று நாள் ஏடுகளைப் புரட்டிய பிறகு விளங்கியது இதுதான்: பெரும்பாலான மசோதாக்களில் நம் அங்கத்தினர் எந்தப் பக்கம் நின்றார் என்பதற்கு எழுத்திலே சாட்சியம் கிடையாது.

காரணம் மிகவும் சாதாரணமானது. விவாதம் முடிந்ததும் சபாநாயகர், ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்று சொல்லலாம், எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்று சொல்லலாம் என்கிறார். இரண்டு கோஷங்களையும் காதால் கேட்டு, 'ஆம் என்பவர்களே அதிகம்' என்று தம் அபிப்பிராயத்தைச் சொல்கிறார். யாரும் மறுக்காவிட்டால் அத்துடன் காரியம் முடிந்தது. இதற்குத்தான் குரல் வாக்கெடுப்பு என்று பெயர். மசோதா நிறைவேறியது என்று ஒரு வரி அச்சாகும். யார் 'ஆம்' என்றார், யார் வாயைத் திறக்கவில்லை, யார் அப்போது காப்பி அருந்தப் போயிருந்தார் என்பதெல்லாம் காற்றோடு போயிற்று.

யாராவது ஒருவர் சபாநாயகரின் முடிவை ஆட்சேபித்து எண்ணிக்கை கேட்டால்தான் 'டிவிஷன்' நடக்கும். லோக சபையில் அப்போது மூன்றரை நிமிஷம் மணி அடிக்கும். தாழ்வாரத்திலும் உணவு விடுதியிலும் இருப்பவர்கள் ஓடி வருவார்கள். பிறகு கதவுகள் மூடப்படும். ஆதரவுக்குப் பச்சைப் பொத்தான், எதிர்ப்புக்குச் சிவப்பு, நடுநிலைக்கு மஞ்சள். இயந்திரம் இல்லாத இடத்தில் அதே நிறங்களில் சீட்டு. இப்படி எண்ணினால்தான் ஒவ்வொருவர் பெயரும் நடவடிக்கைக் குறிப்பில் ஏறுகிறது.

அரசியல் சட்டத் திருத்தம் என்றால் எண்ணியே ஆகவேண்டும். மொத்த அங்கத்தினரில் பாதிக்கு மேலும், வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் ஆதரவு வேண்டும் என்று 368-ஆவது ஷரத்து விதிக்கிறது. அதைக் காதால் கேட்டு அளக்க முடியாது. அதனால்தான் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் மசோதா 2023 செப்டம்பர் 20-ஆம் தேதி லோக சபையில் நிறைவேறியபோது 454 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு என்று நம்மால் திட்டமாகச் சொல்ல முடிகிறது.

சரி, பெயர் ஏறிவிட்டது. அது அந்த மனிதரின் சொந்த மனத்தைக் காட்டுகிறதா? இங்கேதான் பக்கத்துத் தொகுதி நண்பரின் கேலியிலும் கொஞ்சம் நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1985-இல் 52-ஆவது திருத்தம் கட்சித் தாவலைத் தடுக்கப் பத்தாவது அட்டவணையைக் கொண்டுவந்தது. கட்சியின் கட்டளைக்கு மாறாக ஒருவர் வாக்களித்து, அதைக் கட்சி 15 நாட்களுக்குள் மன்னிக்காவிட்டால், அவர் பதவி பறிபோகலாம். வாக்களிக்காமல் ஒதுங்கி உட்கார்ந்தாலும் அதே கதிதான். கொறடாவின் உத்தரவு அரசாங்கத்தின் ஆயுளைப் பற்றிய வாக்கெடுப்புக்கு மட்டுமல்ல, எந்தச் சில்லறை மசோதாவுக்கும் பிறப்பிக்கப்படலாம். இதைக் குறுக்க வேண்டும் என்று 2010-இல் மணீஷ் திவாரி ஒரு தனி மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. ஆகவே பச்சைப் பொத்தானை அழுத்திய விரல் அங்கத்தினருடையதுதான். அழுத்தியது அவர்தானா என்பது வேறு கேள்வி.

வாரத்தில் ஒரு வேளை மட்டும் இந்தக் கட்டு சற்றுத் தளர்கிறது. வெள்ளிக்கிழமை மாலை இரண்டரை மணி நேரம், மந்திரிகளல்லாத அங்கத்தினர்களின் சொந்த அலுவலுக்கென்று ஒதுக்கப்பட்டது. ஒரு வாரம் மசோதா, மறுவாரம் தீர்மானம். வழக்கமாகக் கொறடா அங்கே தலையிடுவதில்லை. ஊருக்குப் போகும் விமானத்தைப் பிடிக்கப் பாதிப் பேர் கிளம்பிவிடுகிற வேளையும் அதுதான். சுதந்திரத்துக்குப் பிறகு இந்த வழியாகச் சட்டமானவை மொத்தம் 14. அவற்றில் ஒன்று பெரோஸ் காந்தி 1956-இல் நிறைவேற்றிய சட்டம். பாராளுமன்றத்தில் பேசப்பட்டதை உண்மையாக வெளியிடும் பத்திரிகைகளுக்கு அது பாதுகாப்பு அளித்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், அவருடைய மனைவியின் அரசாங்கமே அதை ரத்து செய்தது. 1977-இல் அது திரும்பி வந்தது. 1970-க்குப் பிறகு ஒரு தனி மசோதாவும் இரண்டு சபைகளையும் கடந்து சட்டமாகவில்லை.

அந்த வறட்சியின் நடுவில்தான் திருச்சி சிவா ராஜ்ய சபையில் 2014-இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். திருநங்கையர், திருநம்பியரின் உரிமை பற்றியது அது. கல்வியிலும் வேலையிலும் 2 சதவிகித ஒதுக்கீடு, தேசியக் கமிஷன், தனி நீதிமன்றங்கள் எல்லாம் அதில் இருந்தன. மந்திரி வழக்கம்போல், அரசாங்கமே கவனித்துக்கொள்ளும், மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். இந்த வேண்டுகோளுக்கு இணங்கி நன்றி கூறி உட்கார்ந்துவிடுவது அங்கே சம்பிரதாயம். சிவா இணங்கவில்லை. 2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை, எதிர்ப்புக் குரலே இல்லாமல் மசோதா நிறைவேறியது.

அதன் பிறகு நடந்ததைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். லோக சபையில் 2016-இல் அந்த மசோதா விவாதத்துக்கு வந்தது, முடிவுக்கு வரவில்லை. அதே ஆண்டு அரசாங்கம் தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்தது. அதில் அந்த ஒதுக்கீடும் இல்லை, தனி நீதிமன்றங்களும் இல்லை. 2019-இல் சபை கலைந்தபோது இரண்டுமே காலாவதியாயின. மறுபடியும் கொண்டுவரப்பட்ட அரசாங்க மசோதா 2019 ஆகஸ்டு 5-ஆம் தேதி, நாடே காஷ்மீரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அன்று, லோக சபையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. நவம்பர் 26-ஆம் தேதி ராஜ்ய சபையில், அதைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று சிவா பிரேரணை கொண்டுவந்தார். எண்ணிக்கை நடந்தது: ஆதரவு 55, எதிர்ப்பு 74. பிரேரணை தோற்றது. அப்புறம் மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிட்டது.

இப்போது பாருங்கள். திருநங்கையர் மசோதாவை யார் ஆதரித்தார்கள் என்று வருங்காலத்தில் ஒருவர் தேடினால், சட்டத்தை நிறைவேற்றிய வாக்கெடுப்பில் ஒரு பெயரும் அகப்படாது. பெயர் அகப்படும் ஒரே இடம் அந்தக் குழுப் பிரேரணைதான். அங்கேயோ, அந்த மக்களுக்காக முதலில் குரல் எழுப்பியவர் மசோதாவுக்குக் குறுக்கே நின்றதாகத் தோன்றும்! ஆதரவு, எதிர்ப்பு என்ற இரண்டே பத்திகள் கொண்ட கணக்கு எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதை இதைவிட நன்றாக எனக்கு எந்தப் பாடப் புஸ்தகமும் சொல்லித் தரவில்லை. இதைக் கண்டபிறகு நான் தேடும் வழியையே மாற்றிக்கொண்டேன். கடைசி வாக்கெடுப்பை விட்டுவிட்டு, அங்கத்தினர் என்ன திருத்தம் கொடுத்தார், எதற்கு எண்ணிக்கை கேட்டார், குழுவுக்கு அனுப்பச் சொன்னாரா, வெள்ளிக்கிழமை மாலையில் சபையில் இருந்தாரா என்று பார்க்கத் தொடங்கினேன்.

நண்பருடைய எம்.பி. விஷயத்துக்கு வருகிறேன். அவர் யார், எந்தத் தொகுதி என்று எழுதப் போவதில்லை. சங்கத்தில் சமாதானம் நிலவ வேண்டும். பெயர் பதிவான வாக்கெடுப்புகளில் நான் பார்த்த ஒவ்வொன்றிலும் அவர் கட்சியோடு நின்றிருக்கிறார். அதாவது, அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அவர் கொடுத்த திருத்தம் எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனால் வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பற்றி அவர் பெயரில் ஒரு தனி மசோதா இருக்கிறது. அறிமுகமானதோடு சரி, விவாதத்துக்கு வரவே இல்லை.

இதைச் சாப்பாட்டுக் கூடத்தில் சொன்னேன். புகழ்ந்தவர், "பார்த்தீர்களா!" என்றார். கேலி செய்தவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த மசோதாவின் பிரதி கிடைக்குமா?" என்று கேட்டார். நாலு பக்கந்தான், எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.