உங்களுக்குத் தெரியுமா? பழைய மசில் காருக்கு இன்றைய எண்ணெய் போதாது!

1964இல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ. போன்ற, சக்திமிக்க எஞ்சின் கொண்ட அமெரிக்க மசில் கார்களைப் புதுப்பிப்பவர்கள், பளபளக்கும் பெயின்டைவிட எஞ்சினின் உட்புறத்துக்கே முதலிடம் தர வேண்டும். அக்காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. எக்ஸாஸ்ட் வால்வும் அது அமரும் வளையமும் தேயாதபடி அந்த ஈயம் மெல்லிய படலமாகப் படிந்து காத்தது. 1996 ஜனவரி 1 முதல் அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் தடை. (மிக நல்ல தடை, குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு ஈயம்.) அதனால் சிலிண்டர் ஹெட்டைப் பிரிக்கும்போதே அந்த வளையங்களுக்குப் பதிலாகக் கடினமாக்கப்பட்ட வால்வு சீட்டுகளைப் பொருத்திவிடுகிறார்கள்.

எண்ணெய் விஷயம் இன்னும் நுட்பமானது. கேம்ஷாஃப்ட் மீது தட்டையான டேப்பெட் உரசி ஓடும் பழைய எஞ்சின்களுக்கு, துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு வேதிப்பொருள் எண்ணெயில் நிறைய வேண்டும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாஸ்பரஸ் பாழாக்கும் என்பதால், இன்றைய கார் எண்ணெய்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். எனவே பழைய எஞ்சின்களுக்கென்றே தயாராகும் எண்ணெயைத் தேடி வாங்குங்கள். புதிய கேம்ஷாஃப்ட் போட்டு முதன்முறை ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் விடாதீர்கள். சுமார் 20 நிமிடம் 2,000 ஆர்.பி.எம். அளவில் ஓடவிடுங்கள். வேகம் குறைந்தால் கேம்ஷாஃப்டுக்குப் போதிய எண்ணெய் தெறிக்காது. சில நிமிடங்களிலேயே அது தேய்ந்து வீணாகிவிடலாம்.