இரைப்பைப் புற்றுநோயும் ஆயுளின் நிர்ணயமும்

1881ஆம் ஆண்டு ஜனவரியில், வியன்னா நகரத்து சஸ்திர வைத்திய நிபுணரான தியோடோர் பில்ரோத், புற்றுநோய் பீடித்த இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டியெடுத்து, எஞ்சியதைச் சிறுகுடலோடு இணைத்துத் தைத்து, அத்தகைய சிகிச்சையில் முதன்முதலாக வெற்றி கண்டார். ஆயினும் அச்சிகிச்சை பெற்ற பெண்மணி, வியாதி மீண்டும் தலைதூக்கியதால், சில மாதங்களிலேயே காலமானார்.

கட்டியை அகற்றிய பின்னும் நோய் திரும்புவது ஏன்? இரைப்பையின் சுவர் பல அடுக்குகளால் ஆனது. உட்புறத்துச் சளிப்படலத்தோடு நோய் நிற்கும்வரை நிணநீர்க் கணுக்களை அது எட்டுவது அபூர்வம். அடுத்த அடுக்கில் செறிந்துள்ள நிணநீர்க் குழாய்களை அடைந்ததும் அதற்கு வழி திறந்துவிடுகிறது. தசையையும் வெளியுறையையும் துளைத்துவிட்டாலோ, அதன் அணுக்கள் உதிர்ந்து வயிற்றறையெங்கும் விதையாய் விழுகின்றன. ஆகையால் கட்டியின் அகலத்தைவிட, அது சென்ற ஆழமும், அது குடியேறிய கணுக்களின் எண்ணிக்கையுமே ஆயுளைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன.

ஜப்பானிய வைத்தியர்கள் 1962இல், முதலிரண்டு அடுக்குகளுக்குள் அடங்கியதையே ஆரம்பநிலைப் புற்றுநோய் என வரையறுத்தார்கள். அந்நிலையில் அங்கே சிகிச்சை பெறுவோரில் 100க்கு 90 பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியபின் கண்டறியப்பட்டவர்களிலோ, அவ்வாறு வாழ்வோர் மிகச் சிலரே. எவ்வளவு துயரமான வேறுபாடு!

பிழைத்தவர்க்கும் ஒரு விசேஷ எச்சரிக்கை உண்டு. பி12 என்னும் வைட்டமினைக் குடல் கிரகிப்பதற்குத் துணைபுரியும் புரதத்தைச் சுரப்பது இரைப்பையே. அதை முழுவதும் இழந்தவருக்குக் கல்லீரலின் சேமிப்பு சில ஆண்டுகள் கைகொடுப்பதால், ரத்தசோகையும் நரம்புக் கோளாறும் பூரண சுகமடைந்துவிட்டதாக அவர் நம்பியிருக்கும் காலத்திலேதான் தோன்றும். அத்தகையோர், உடல் எவ்வளவு நலமாகத் தோன்றினும், வைத்தியர் விதித்த பி12 ஊசியை ஒருபோதும் நிறுத்தலாகாது.