விசைப்பலகையும் மனத்தின் இயல்பும்

ஈப்போவை அடுத்த குனோங் ராபாட்டில், சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில் வாழும் தமிழ்ச் சிறுவன் ஒருவன், தன் பாட்டிக்குக் கைப்பேசியில் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறான் எனக் கொள்க. ஏட்டில் தமிழைப் பிழையற எழுதுபவனே அவன். ஆயினும் வாழ்த்து உரோமன் எழுத்திலேயே போகிறது. அவ்வெழுத்தில் லகர, ளகர, ழகரங்கள் மயங்கும். குறிலும் நெடிலும் மயங்கும். இதனைத் தமிழ்ப்பற்றின் குறை என்று சினத்தல் எளிது. உளநூலார் கூறும் காரணமோ வேறு.

ஒரு கருவி எளிதாவதும் அரிதாவதும் அதனைக் கையாள்வோரின் மனவியல்பைப் பொறுத்ததாகும். தெரிந்தெடுக்க வேண்டியவை பெருகப் பெருக, தெரிவுக்கு ஆகும் காலமும் நீளும் என்று 1952இல் வில்லியம் ஹிக் காட்டினார். இலக்கு தொலைவிலும் சிறிதாகவும் இருப்பின் கை அதனை அடைய நேரம் மிகும் என்பதை 1954இல் பால் ஃபிட்ஸ் அளந்தார். மனம் ஒருசேரத் தாங்கக்கூடியவை ஏறக்குறைய 7 என்றும், பலவற்றை ஓர் ஒழுங்கில் கோத்தால் அச்சுமை குறையும் என்றும் 1956இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார்.

இவ்வுண்மைகளைத் தமிழ் விசைப்பலகையில் பொருத்திக் காணலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய இரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஆக்கித் தந்தது அரும்பணி. எனினும் இரும்பு அச்சு அறிந்தது வடிவத்தையே, ஒலியை அன்று. ஆதலின் ‘கொ’ என அடிக்கக் கொம்பு, ககரம், கால் என மூன்று அடிகள் வேண்டும். கையெழுத்தின் வரிசையும் இதுவே அன்றோ எனலாம். ஆனால் எழுதுகோலுக்கு விசையைத் தேடும் வேலை இல்லை.

சென்னையில் 1999இல் கூடிய தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையோ, இலக்கணத்தையே அடித்தளமாகக் கொண்டது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகிய 31 விசைகளால் 247 எழுத்துகளும் அமைகின்றன. ககரத்தை அடுத்து ஒகரத்தை அழுத்தினால் ‘கொ’ தோன்றும். இடக்கைப் பக்கம் உயிர். வலக்கைப் பக்கம் பெரும்பாலும் மெய். விரல்கள் தங்கும் நடுவரிசையில் அ, இ, உ, எ. அவற்றின் மேல்வரிசையில் ஆ, ஈ, ஊ, ஏ. ககரத்தை இருமுறை அழுத்த, முதலாவது தானே புள்ளி பெறும். ங, க என அடுத்தடுத்து அழுத்த ‘ங்க’ வரும். தேடல் குறைகிறது, தொலைவு குறைகிறது, நினைவில் சுமக்க வேண்டியதோ முதலாம் வகுப்பில் கற்ற பாடமே. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்னும் கைப்பேசிச் செயலியிலும் இம்முறை உண்டு.

அவ்வாறாயின் சிறுவன் ஏன் உரோமனை நாடினான்? பழக்கமே காரணம். புதிய விசையைத் தேடுங்கால் மூளையின் முன்புறணி கவனத்தைச் செலவிடுகிறது. பயிற்சி முதிர்ந்தபின் மூளையின் அடித்தள நரம்புத் திரள்களும் சிறுமூளையும் அப்பணியைப் பெரிதும் ஏற்கின்றன. விரல் எண்ணாமலே ஓடுகிறது. முதலில் எவ்வழியில் பழகியதோ, அவ்வழியிலேயே ஓடுகிறது.

ஆகவே காலம் அறிந்து கற்பித்தலே தக்கது. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆவதைக் கரும்பலகையில் காட்டும் ஆசிரியர், அதே பாடவேளையில் விசைப்பலகையிலும் காட்டலாம். நாள்தோறும் சில நிமிடப் பயிற்சி போதும். பிறகு பாட்டிக்குச் செல்லும் வாழ்த்தில் ழகரம் ழகரமாகவே நிற்கும்.