சபையை விட்டபின் எஞ்சும் கேள்வி: பொய்கையில் யோகன்னானிடமிருந்து ஒரு தொடக்கம்

தென்மாவட்டங்களின் தலித் குடியிருப்புகளில் கடந்த சில பத்தாண்டுகளில் வேரூன்றிய கட்டுப்பாடு மிக்க பெந்தெகொஸ்தே சபைகளுக்குள் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை இன்று கல்லூரிகளில் பயின்றுகொண்டிருக்கிறது. நகை அணியலாகாது, பூச்சூடலாகாது, திரைப்படம் பார்க்கலாகாது, ஊர்த் திருவிழாவின் பலகாரத்தைத் தொடலாகாது, சபைக்கு வெளியே மணம் முடிக்கலாகாது என்னும் ஒழுங்குகளுக்குள் வளர்ந்தவர்கள் இவர்கள். இவர்களுள் ஒரு பகுதியினர் அச்சபைகளை விட்டு வெளியேறுகின்றனர். சிலர் வெளிப்படையாக அறிவித்துவிட்டு விலகுகின்றனர். பலரோ ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதியிலேயே தங்கிவிடுவதன் வழியே ஓசையின்றி விலகுகின்றனர். அதன்பின் என்ன என்பது நம் இயக்க வட்டாரங்களில் போதிய அளவு பேசப்படாத கேள்வியாகவே இருக்கிறது.

வழக்கமாக இரண்டு விடைகள் கையளிக்கப்படுகின்றன. நாத்திகம் போதுமானது, இனி நம்பிக்கை குறித்துப் பேசுவதே வீண் என்பது ஒன்று. 'தாய்மதம்' திரும்பு என்பது மற்றொன்று. பின்னதன் அரசியலை நாம் அறிவோம். எந்தத் தாய் தன் பிள்ளைகளைச் சேரிக்குள் நிறுத்தி வைத்தாள் என்று கேட்டாலே அது வாயடைத்துப்போகும். முன்னது மதிக்கத்தக்க நிலைப்பாடு. ஆயினும், வெளியேறியவர் உண்மையில் எதை இழந்தார், எது இன்னும் அவரைப் பற்றிக்கொண்டிருக்கிறது என்பதைக் கேட்காமலேயே அது விடை கூறிவிடுகிறது.

அவர் இழந்ததைக் குறைத்து மதிப்பிட முடியாது. சபைக்குச் சென்றபின் குடியை விட்ட தந்தையரை நாம் அனைவரும் அறிவோம். ஊர்க்கூட்டத்தில் ஒருபோதும் வாய் திறக்க இடம் பெறாத பெண், சபையில் எழுந்து நின்று ஒலிபெருக்கியில் சாட்சி கூறினாள். சாதிப்பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர் 'பிரதர்' ஆனார். வேதப் புத்தகத்தை வாசிப்பதற்காகவே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற பாட்டிகள் உண்டு. நோயுற்றால் வந்து அமரவும், இறந்தால் பெட்டி தூக்கவும் ஒரு கூட்டம் இருந்தது.

அதே சபைதான், தீண்டாமையை எதிர்த்துப் போராடுவதை 'உலகக் காரியம்' என்று விலக்கியது. அதே சபைதான் திருமணப் பேச்சு வருகையில் சாதியை விசாரித்தது. 'வருகை'யைக் குறித்த போதனையோ குழந்தைகளின் உடலுக்குள்ளேயே இறங்கியது. பள்ளிவிட்டு வந்து வீட்டில் எவரும் இல்லாததைக் கண்டதும், எல்லோரும் எடுத்துக்கொள்ளப்பட்டுத் தான் மட்டும் கைவிடப்பட்டதாக அலறிய குழந்தைப் பருவத்தை இவர்களுள் பலர் நினைவுகூர்கின்றனர். நரகம் இல்லை என்று அறிவு ஏற்றுக்கொண்ட பின்னரும் நள்ளிரவின் இடியோசைக்கு நெஞ்சு பதறுவது எஞ்சியிருக்கிறது. இதைக் கோழைத்தனம் என்று கேலி செய்யும் தோழர்களை நாம் கண்டிருக்கிறோம். பகுத்தறிவின் பெயரால் செய்யப்படும் அக்கேலி பகுத்தறிவுக்கு எவ்விதத் தொண்டும் ஆற்றுவதில்லை.

இக்கேள்வியை நூற்றாண்டுக்கு முன்பே எதிர்கொண்ட ஒருவர் நமக்கு அண்டையில் இருந்தார். பொய்கையில் யோகன்னான் 1879இல் திருவிதாங்கூரின் திருவல்லைக்கு அருகிலுள்ள இரவிபேரூரில், சிரியன் கிறிஸ்தவக் குடும்பமொன்றிற்கு அடிமைப்பட்டிருந்த பறையர் குடும்பத்தில் பிறந்தவர். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்ட ஆண்டு 1855. எனினும் அவர் பிறந்தபோதும் வயலில் எதுவும் மாறியிருக்கவில்லை. குமரன் என்ற பெயர் திருமுழுக்கின்போது யோகன்னான் ஆயிற்று. எஜமானர்களின் மார்த்தோமா சபையில் சேர்ந்தார். நற்செய்திப் பேச்சாளராகப் பெயர் பெற்றார். கல்லறையில் புதைக்கப்பட்ட ஒரு தலித்தின் உடல், உயர்சாதிக் கிறிஸ்தவர்களின் எதிர்ப்பினால் தோண்டியெடுக்கப்பட்ட நிகழ்வே அவர் அச்சபையை விட்டு விலகக் காரணமாயிற்று என்று அவருடைய வரலாறு கூறுகிறது. பின்னர், கட்டுப்பாடுகளில் மேலும் கடுமையான பிரதரன் சபையில் சேர்ந்தார். அங்கும் திருமண விவகாரத்தில் சாதி தலைகாட்டவே, அதையும் துறந்தார்.

அதன்பின் அவர் செய்தது பெரும் அதிர்ச்சியை உண்டாக்கியது. விவிலியத்தின் நிருபங்கள் ரோமருக்கும் கொரிந்தியருக்கும் எழுதப்பட்டிருக்கின்றன, திருவிதாங்கூரின் புலையருக்கும் பறையருக்கும் எழுதப்பட்ட நிருபம் எங்கே என்று அவர் வினவினார். கூடியிருந்தோர் முன்னிலையில் அந்நூலை எரித்தார். 1909இல் 'பிரத்யட்ச ரட்சா தெய்வ சபை'யை நிறுவினார். 'பிரத்யட்சம்' என்னும் சொல்லையே நாம் ஊன்றி நோக்க வேண்டும். மீட்பு இறப்புக்குப் பின் வருவதன்று. கண்ணுக்கு முன்னே, இந்த மண்ணில், கண்கூடாக நிகழ வேண்டுவது. எனவே அவருடைய இயக்கம் நிலம் வாங்கியது, பள்ளிகள் நடத்தியது. 1921லும் 1931லும் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராக இருந்த அவர், நிலமும் கல்வியும் கோரிப் பேசினார்.

யோகன்னான் எதைக் கைவிட்டார், எதைக் கைவிடவில்லை என்பதே நமக்கு இங்கு முதன்மையானது. பாடலை அவர் கைவிடவில்லை. நாள்கணக்கில் நீளும் கூடுகைகளையும், ஒருவர் சொல்லப் பலர் கண்ணீர் விட்டுக் கேட்கும் முறையையும் கைவிடவில்லை. அவை அனைத்தும் அவர் விட்டு வந்த சபைகளில் பயின்ற வடிவங்களே. ஆனால் அவ்வடிவங்களுக்குள் அவர் வைத்த பொருள் வேறு. சிலுவைப் பாடுகளின் இடத்தில் அடிமைகளான முன்னோரின் பாடுகள் வந்தன. எருதுடன் ஏரில் பூட்டப்பட்ட தகப்பன், வேறிடத்திற்கு விற்கப்பட்ட தாய், மரத்தடியில் அநாதைகளாக விடப்பட்ட பிள்ளைகள் ஆகியோரை அவருடைய உரைகளும் பாடல்களும் மீண்டும் மீண்டும் அழைத்தன. தம் குலத்தைப் பற்றிய பதிவு எந்த வரலாற்று நூலிலும் இல்லை என்னும் துயரத்தை அவர் பாடினார். சனல் மோகன் 2015இல் வெளியிட்ட 'மாடர்னிட்டி ஆஃப் ஸ்லேவரி' என்னும் ஆய்வுநூல், இந்நினைவுகூரல் எவ்வாறு ஒரு மக்கள் கூட்டத்தைத் தன்னுணர்வு கொள்ளச் செய்தது என்பதை விரிவாக விளக்குகிறது. பாவி என்று தன்னை நொந்துகொண்டு அழுதவர், தன் மீது இழைக்கப்பட்ட பாவத்திற்காக அழத் தொடங்குகிறார். இரு அழுகைகளும் வெளியிலிருந்து பார்ப்போருக்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடும்.

இதைப் புனிதப்படுத்தி நிறுத்திவிடலாகாது. யோகன்னான் தம் மக்களால் குமரகுருதேவன் எனத் தெய்வமாகவே வழிபடப்பட்டார், இன்றும் வழிபடப்படுகிறார். 1939இல் அவர் மறைந்தபின் இயக்கம் பிளவுற்றது. ஒரு பிரிவு 1950இல் தன்னை இந்து சமயத்தின் பகுதியாக அறிவித்துக்கொண்டது. சபைகளை விட்டு வந்தவர்கள் கட்டியதும் ஒரு சபையாகவே முடிந்தது என்று கூறுவோர் உண்டு. அது முழு உண்மையன்று; எனினும் புறக்கணிக்கத்தக்க எச்சரிக்கையும் அன்று.

அண்ணல் அம்பேத்கரின் பாதை இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. 1935இல் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். நாகபுரியில் பௌத்தம் ஏற்ற நாளோ 1956 அக்டோபர் 14. இடைப்பட்ட 21 ஆண்டுகளையும் தாமதம் என்றே நம்மில் பலர் படிக்கின்றனர். ஒன்றை விட்டவுடன் மற்றொன்றைப் பற்றிக்கொள்ளாமல் இருக்க இயன்ற காலம் என்று நாம் படிக்கிறோம். 1936இல் வெளியான 'சாதி ஒழிப்பு' நூலில் விதிகளின் மதத்தையும் கொள்கைகளின் மதத்தையும் அவர் வேறுபடுத்தினார். விதி இன்னதைச் செய் என்கிறது. கொள்கையோ செய்வதைச் சீர்தூக்கிப் பார்க்க ஓர் அளவுகோலைத் தருகிறது. விதியை மீறியவர் குற்றவாளி ஆகிறார், கொள்கையைப் பின்பற்றுபவரோ பொறுப்பாளி ஆகிறார். பூச்சூடியதற்காக மனம் குறுகுறுக்கும் மாணவிக்கு இவ்வேறுபாடு வெறும் தத்துவம் அன்று.

பௌத்தத்தையும் அவர் கேள்வியின்றி ஏற்கவில்லை. மறைவுக்குப்பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையிலேயே மரபின் மீதான ஐயங்களை எழுப்புகிறார். முதியவர், நோயாளி, பிணம் ஆகியவற்றைக் கண்டு சித்தார்த்தர் துறவு பூண்டார் என்னும் கதையை ஏற்க மறுத்து, ரோகிணி ஆற்று நீர் குறித்துச் சாக்கியருக்கும் கோலியருக்கும் எழுந்த பிணக்கைக் காரணமாக முன்வைக்கிறார். புதிய வீட்டில் நுழையும்போதே அதன் சுவர்களைத் தட்டிப் பார்த்தவர் அவர். தமிழகத்தில் அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1898இல் கொழும்பில் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசப் பண்டிதரும், பண்டிகைகளையும் பழமொழிகளையும் விட்டெறியாமல் அவற்றின் பொருளை மறுவாசிப்புச் செய்தார்.

இந்திய அரசோ வெளியேறியவருக்கு இத்தகைய கால அவகாசம் எதையும் அளிப்பதில்லை. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, தொடக்கத்தில் இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. சீக்கியர் 1956லும் பௌத்தர் 1990லும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர் இன்றும் வெளியே நிற்கின்றனர். தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். சபைக்குள் பிறந்த ஒருவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் பெற வேண்டுமாயின், கே.பி. மனு வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நிபந்தனைகளை நிறைவு செய்ய வேண்டும்: முன்னோரின் சாதிக்குச் சான்று, மூல மதத்திற்குத் திரும்பியமைக்குச் சான்று, அச்சமூகம் அவரை ஏற்றுக்கொண்டமைக்குச் சான்று. 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த செல்வராணி வழக்கில், கிறிஸ்தவத்தைக் கடைப்பிடித்துக்கொண்டே இந்து என்று கோருவது அரசியலமைப்பின் மீது நிகழ்த்தும் மோசடி என்று அதே நீதிமன்றம் கடிந்தது.

இந்நிபந்தனைகளின் பொருளைக் கூர்ந்து நோக்குவோம். நீ எதிலிருந்து வெளியேறினாய் என்பதோடு சட்டம் நின்றுவிடவில்லை. எதற்குள் நுழைந்தாய் என்று கேட்கிறது. இனி எனக்கு மதம் இல்லை, அல்லது இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்னும் விடைக்கு அப்படிவத்தில் இடமில்லை. தீண்டாமை மட்டும் எந்தப் படிவத்தையும் நிரப்பச் சொல்லாமல் இவர் பின்னாலேயே வருகிறது. சிந்தனைச் சுதந்திரத்தை உறுதிசெய்யும் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவில் 'மனச்சான்று' என்ற சொல்லே மதத்திற்கு முன்னதாக வருகிறது. தலித்தின் மனச்சான்று மட்டும் சாதிச் சான்றிதழின் விலையை எண்ணிப் பார்த்தே இயங்க வேண்டியிருக்கிறது.

இச்சூழலில் வெளியேறிய மாணவர்களிடம் இயக்கங்கள் அவசரப்பட்டு எதையும் கோரலாகாது என்பது நம் நிலைப்பாடு. பாடலை விரும்பும் ஒருவர் பாடிக்கொண்டிருக்கட்டும். வேதவாக்கு இன்னும் நாவில் வருகிறதே என்று கூசுபவரிடம், அவ்வாக்கை எஜமானன் எப்படி வாசித்தான், அடிமை எப்படி வாசித்தார் என்று கேட்டுப் பார்க்கலாம். எகிப்திலிருந்து விடுதலை பெற்ற அடிமைகளின் கதையை அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டதும் அவ்வழியில்தான். வீட்டில் ஜெபத்திற்கு அழைக்கும் தாயுடன் முழந்தாளிடுவதா, வேண்டாமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். அதில் கொள்கைத் துரோகம் காண்பவர்கள், அத்தாய் எந்த அவமதிப்பிலிருந்து தப்பி அச்சபையை அடைந்தார் என்று ஒருமுறை விசாரிக்க வேண்டும். ஆனால் அச்சத்தினால் மட்டுமே முழந்தாளிடுகிறேன் என்று ஒருவர் கூறினால், அங்கு உடனிருப்பு தேவைப்படுகிறது. தேவைப்படின் மனநல ஆலோசனையும் தேவைப்படுகிறது. வாசிப்பு வட்டங்கள் நூல்களைத் தருகின்றன. ஞாயிற்றுக்கிழமைக் காலையின் வெறுமையை அவை நிரப்புவதில்லை.

சாவு குறித்தும் நாம் பேசியாக வேண்டும். சத்தீசுகரின் பஸ்தர் பகுதியில் 2025 ஜனவரியில் இறந்த தலித் போதகர் ஒருவரைச் சொந்த ஊரில் புதைக்கக் கிராமத்தார் மறுத்தனர். உடல் இரு வாரங்களுக்கும் மேலாகப் பிணவறையில் கிடந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். இறுதியில் ஊரிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் அப்பால், கிறிஸ்தவர்களுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் புதைக்க ஆணையிடப்பட்டது. அவருக்காகக் குறைந்தது அவ்விடமேனும் இருந்தது. சபைக் கல்லறையில் இடம் மறுக்கப்பட்டு, ஊர் மயானமும் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் ஊர்களில், சபையை விட்ட இளைஞரின் தாய் முதலில் கேட்பது கடவுள் இருக்கிறாரா என்பதையன்று. நாளை உன்னை எங்கே அடக்கம் செய்வார்கள் என்பதையே.